மூன்று தலைமுறைப் படிப்பை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: என் தந்தைக்கு வயது 80. 1962-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி முடித்து, தாராபுரம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராக இருந்து 2003-இல் ஓய்வு பெற்றார். தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர். நான் எம்.காம். முடித்து, திருப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் பி.எஸ்சி. பட்டதாரி. பத்தாம் வகுப்பு தேறியுள்ள எங்கள் மகன், பிளஸ் ஒன் சேராமல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கப் போவதாகச் சொல்கிறான். மதிப்பெண்ணில் குறையில்லை, விருப்பம்தான் காரணம். எங்கள் கணக்குப்படி அப்பா 10 ஆண்டு, நான் 17 ஆண்டு, மகன் 13 ஆண்டு. "மூணாவது தலைமுறையில இறங்குமுகமா?" என்று அப்பா வருந்துகிறார். பெற்றோரைவிடப் பிள்ளை குறைவாகப் படிப்பது பின்னடைவுதானா? இதை அளக்க முறை ஏதும் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

முறை உண்டு. ஒன்றல்ல, இரண்டு உண்டு. ஒரே குடும்பத்தைப் பற்றி அவ்விரண்டும் வேறு வேறு விடை சொல்லக்கூடும் என்பதால்தான் உங்கள் வீட்டில் வாக்குவாதம் முடியாமல் இழுக்கிறது. ஆனால் அதற்கு முன்பு உங்கள் கணக்கிலேயே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் இதைச் சொல்வதற்குப் பொறுத்தருளுங்கள்.

உங்கள் தந்தை எழுதிய எஸ்.எஸ்.எல்.சி., இன்றைய பத்தாம் வகுப்புத் தேர்வு அன்று. அக்காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோரு ஆண்டுகள். மூத்தவர்கள் சொல்லும் ஆறாம் பாரம்தான் அந்தப் பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் கல்லூரிக்குப் போக விரும்பியவர்கள் ஓராண்டு பி.யூ.சி. படித்துவிட்டுப் பட்ட வகுப்பில் சேர்ந்தார்கள். 1978-இல் பிளஸ் டூ வந்த பிறகே பத்து, இரண்டு, மூன்று என்ற இன்றைய அடுக்கு தமிழ்நாட்டில் நிலைபெற்றது. ஆக, உங்கள் தந்தையின் பள்ளிக் காலம் 11 ஆண்டுகள். அதோடு இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்தால் 13. உங்களுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி ஏழு ஆண்டு அன்று, நான்கே ஆண்டு. உங்கள் மகன் டிப்ளமோவோடு நிறுத்திக்கொண்டால் அவனுக்கும் சரியாக 13 ஆண்டுகள் வரும். தாத்தாவும் பேரனும் ஆண்டுக் கணக்கில் சமமாகிவிடுவார்கள்.

இது வெறும் கூட்டல் பிழை அன்று. இவ்வகை ஆய்வுகளுக்கெல்லாம் உள்ள முதல் தொல்லை இதுதான். பெற்றோரின் படிப்பைப் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் தங்கள் காலத்து வகுப்புக் கணக்கிலேயே பதில் சொல்லுகிறார்கள். பி.யூ.சி.யைப் பிளஸ் டூவாகவும், எட்டாம் வகுப்பில் நடந்த இ.எஸ்.எல்.சி. அரசுத் தேர்வை வெறும் 'எட்டாவது' என்றும் குறித்துவிடுகிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. 'வரை' படித்தவரும் எஸ்.எஸ்.எல்.சி. 'தேறியவரும்' ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவதும் உண்டு. கணக்கெடுப்புகள் பொதுவாகக் கேட்பது 'நிறைவு செய்த' நிலையை. ஆனால் குடும்பங்களின் நினைவில் இருப்பது 'போய் வந்த' வகுப்பு. உங்கள் தந்தையின் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்து மகனிடம் காட்டுங்கள். சான்றிதழ் என்றால் ஒற்றைத் தாள் என்றே அறிந்த தலைமுறைக்கு, அது ஏன் புத்தகமாக இருந்தது என்பதே வியப்பாக இருக்கும்.

இனி முறைகளுக்கு வருவோம். முதலாவது, நேரடி ஒப்பீடு: தந்தை அல்லது தாய் அடைந்த படிப்பு நிலையைப் பிள்ளை தாண்டினாரா, சமமாக நின்றாரா, குறைந்தாரா என்று பார்ப்பது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, இந்தியா பங்கேற்காத தன் வயதுவந்தோர் திறன் ஆய்வில், ஒவ்வொருவரிடமும் அவருடைய தாய், தந்தை இருவரின் கல்வி நிலையையும் கேட்கிறது. மேல்நிலைக் கல்விக்குக் கீழே, மேல்நிலைக் கல்வி, உயர்கல்வி என்ற மூன்று பெரும் படிகளாகப் பிரித்து, பெற்றோரின் படியோடு பிள்ளையின் படியை வைத்துப் பார்க்கிறது. இந்த முறை எளிது, தெளிவானது. ஆனால் இதற்கு ஒரு கூரை உண்டு. பெற்றோர் பட்டதாரிகளாக இருந்துவிட்டால் பிள்ளை தாண்டிச் செல்வதற்கு அதிக இடம் மிச்சமிருக்காது. முனைவர் பட்டம் பெற்றவரின் மகள் எவ்வளவு படித்தாலும் ஏறியவராகக் கணக்கில் வரமாட்டார். படிப்பறிவு குறைவாக இருந்த சமூகத்தில் இந்த ஏற்றம் வேகமாகத் தெரியும், படிப்பு பரவிய பிறகு தானாகவே மந்தப்படும். உங்கள் தந்தை 'இறங்குமுகம்' என்று சொல்வதில் ஒரு பகுதி, இந்தக் கூரைக்கு அருகில் நீங்கள் போய்விட்டதன் விளைவுதான். எம்.காம். படித்த தாய்க்கு மகனாகப் பிறந்தவன் அவரைத் தாண்ட வேண்டுமானால் முதுநிலைக்கு மேல்தான் போக வேண்டும். அப்படி ஒரு நிபந்தனையை எந்தப் பிள்ளைமீதும் சுமத்துவது முறையன்று.

இரண்டாவது முறை, ஒவ்வொருவரையும் அவரவர் வயதினரோடு வைத்து, வரிசையில் எங்கே நின்றார் என்று பார்ப்பது. உங்கள் குடும்பத்துக்கு இதுதான் அதிகம் பொருந்தும்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 9 பேர். உங்கள் தந்தை முதல் வகுப்பில் சேர்ந்திருக்கக்கூடிய ஆண்டு அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1953-இல், ராஜாஜி ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அத்திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கியது. பள்ளியே இல்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. இவ்வளவுக்கும் பிறகு 1961 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு கிராமத்துப் பிள்ளை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வில் தேறுகிறார் என்றால், தன் வயதினரின் வரிசையில் அவர் நின்ற இடம் மிகவும் முன்னால். அந்த இடத்துக்குக் கிடைத்த பலன்தான் நிரந்தர அரசு வேலை, ஊரில் 'வாத்தியார்' என்ற மதிப்பு, இன்று மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் எல்லாம்.

நீங்கள் முதுநிலை முடித்தது 2000-ஆம் ஆண்டை ஒட்டி இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்போது பட்டம் என்பது அரிதான பொருளாக இல்லை. 1980-களின் நடுப்பகுதியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வாசல் திறந்த பிறகு கல்லூரிகள் பெருகிவிட்டன. இன்றோ 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது அந்த வயதினர் நூறு பேருக்கு உயர்கல்வியில் இருப்போரின் எண்ணிக்கை, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு. எனவே ஆண்டுக் கணக்கில் உங்கள் தந்தையைவிட நான்கு ஆண்டுகள் கூடுதலாகப் படித்த நீங்கள், வரிசையில் அவரைவிட முன்னால் நிற்கிறீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்குப் பதின்மூன்று ஆண்டுப் படிப்பு தந்த பாதுகாப்பை உங்களுக்குப் பதினேழு ஆண்டுப் படிப்பு தரவில்லை என்ற உணர்வு உங்களிடம் இருந்தால், அதற்குக் காரணம் உங்கள் படிப்பின் தரக்குறைவு அன்று. வாசல் ஒடுங்கி இருந்தபோது நுழைந்தவர் அவர். அகன்ற பிறகு நுழைந்தவர் நீங்கள். 2003 ஏப்ரல் முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கே பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனது என்பதையும் நினைவில் கொண்டால், தலைமுறை ஒப்பீட்டில் படிப்பின் தலையில் சுமத்தும் பழியில் பாதி வேலைச் சந்தைக்கு உரியது என்பது விளங்கும்.

இந்த இடத்தில், "அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம்" என்று பெரியவர்கள் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் பாதி உண்மை உண்டு என்பது என் கருத்து. ஆங்கில நாளிதழைத் தடையின்றிப் படித்து, விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுதும் அக்கால எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்கள் பலரை நானும் அறிவேன். ஆனால் அவர்கள் வழியெல்லாம் வடிகட்டப்பட்டு எஞ்சிய சிலர். ஐந்தாம் வகுப்பில் நின்றவர்கள், எட்டாம் வகுப்பில் தவறியவர்கள், பள்ளிக்கே போகாதவர்கள் ஆகிய பெருங்கூட்டத்தை விட்டுவிட்டு, எஞ்சிய அந்தச் சிலரை இன்றைய எல்லாப் பட்டதாரிகளோடும் ஒப்பிடுவது நியாயமான தராசு ஆகாது. உங்கள் வீட்டிலேயே அந்தப் பெருங்கூட்டத்தின் பிரதிநிதி ஒருவர் இருக்கிறார்.

உங்கள் தாயைத்தான் சொல்கிறேன். கடிதத்தில் அவருக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே வாக்கியம். மூன்று தலைமுறைக் கணக்கில் அப்பா, நான், மகன் என்று வரிசைப்படுத்தியபோது அவர் விடுபட்டே போனார். இது உங்கள் ஒருவருடைய பழக்கம் அன்று. நெடுங்காலமாக ஆய்வுகளும் தந்தையையும் மகனையும்தான் ஒப்பிட்டு வந்திருக்கின்றன. இந்தியாவில் அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பெரும்பாலான வீட்டுக் கணக்கெடுப்புகள், அந்த வீட்டில் அன்றைக்குக் குடியிருப்பவர்களின் படிப்பை மட்டுமே குறித்துக்கொள்கின்றன. திருமணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்ட மகளின் படிப்பு ஓரிடத்திலும் அவளுடைய பெற்றோரின் படிப்பு வேறோரிடத்திலும் பதிவாகின்றன. இரண்டையும் இணைக்கும் நூல் இல்லை. தில்லியின் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05, 2011-12 ஆண்டுகளில் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், கூடவே குடியிராவிட்டாலும் தந்தை எவ்வளவு படித்தவர் என்று குடும்பத் தலைவரைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் ஓரளவு விடிவு கிடைத்தது. ஆனாலும் அது தந்தையைப் பற்றிய கேள்விதான்.

தாயோடு ஒப்பிட்டால் உங்கள் குடும்பத்தின் கதையே வேறாகத் தெரிகிறது. ஐந்து ஆண்டுகளிலிருந்து பதினேழு ஆண்டுகளுக்கு, ஒரே தலைமுறையில் பன்னிரண்டு ஆண்டுகள். வரிசைக் கணக்கில் பார்த்தாலும் இது மெய்யான ஏற்றம். உங்கள் தாய் ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. நடுநிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்திருக்கலாம், வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப வீட்டில் தயங்கியிருக்கலாம், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டிருக்கலாம். எந்தக் காரணமாக இருந்தாலும் அது அவருடைய அறிவைப் பற்றியதாக இருந்திருக்காது. வாத்தியார் வீட்டில் பிறந்த மகள் என்று உங்களைப் பற்றி ஊர் சொல்லியிருக்கும். வீட்டுப்பாட நேரத்தில் விளக்கை ஏற்றி வைத்து அடுப்பு வேலைக்கு உங்களைக் கூப்பிடாமல் விட்டவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். தந்தையின் படிப்பு சமமாக இருக்கும் வீடுகளிலும் தாயின் படிப்பும் விருப்பமும் பிள்ளைகளின் பாதையை மாற்றுகின்றன என்பது, ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் நான் தொடர்ந்து காண்பது.

குடும்பங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஏறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் ஆகிய பொருளியலாளர்கள், கல்வி வரிசையின் கீழ்ப்பாதியில் இருந்த தந்தையரின் மகன்கள் எந்த இடத்தை அடைந்தார்கள் என்று இந்தியா முழுமைக்கும் ஆராய்ந்தார்கள். 1950-களில் பிறந்தவர்களிலிருந்து பின்வந்தவர்கள் வரை, நாட்டளவில் அவர்கள் வரிசையில் மேலே ஏறும் வாய்ப்பு பெரிதாக மாறவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடையே அது கூடியிருக்கிறது, முஸ்லிம்களிடையே குறைந்திருக்கிறது. எல்லோருடைய படிப்பு ஆண்டுகளும் கூடிய அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

இப்போது மகனுக்கு வருகிறேன். மேலே சொன்ன 47 விழுக்காட்டில் பாலிடெக்னிக் மாணவர்களும் அடக்கம். அந்த ஆய்வு டிப்ளமோ சேர்க்கையையும் உயர்கல்வி என்றே எண்ணுகிறது. எனவே அரசின் கணக்கேட்டில் உங்கள் மகன் உயர்கல்விக்குள்தான் இருப்பான். அதைவிட முக்கியம், டிப்ளமோ ஒரு முட்டுச்சந்து அன்று. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கெனத் தமிழ்நாட்டில் தனியாகக் கலந்தாய்வே நடக்கிறது. பிளஸ் டூ வழியில் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டும் நான்கும் ஆறு ஆண்டுகள். டிப்ளமோ வழியில் மூன்றும் மூன்றும் அதே ஆறு ஆண்டுகள். ஓராண்டும் வீணாவதில்லை. இடையில் கையில் ஒரு சான்றிதழ் கூடுதலாக இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர பி.இ. படிக்கும் வழியும் டிப்ளமோக்காரர்களுக்கு உண்டு.

ஆனால் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு மனமில்லை. பாலிடெக்னிக்கில் சேரும்போது சில கதவுகள் மூடும். உயிரியலோடு பிளஸ் டூ படிக்காதவனுக்கு மருத்துவம் சார்ந்த பாதை பின்னால் எளிதில் திறக்காது. பதினைந்து வயதில் மெக்கானிக்கல் என்று சொல்பவனுக்குப் பதினேழு வயதில் வேறு ஆசை வந்தால் திரும்பி வருவது சிரமம். நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் பலர் கணிதத்தில் திணறுகிறார்கள். பிளஸ் டூ கணிதமும் பொறியியல் முதலாண்டுக் கணிதமும் படித்துவிட்டு வருபவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருப்பதே காரணம். பையனுக்குக் கணிதம் பிடிக்கும் என்றால் இது பெரிய தடை அன்று. கணிதத்திலிருந்து தப்பிக்கவே பாலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால், அதை இப்போதே பேசிவிடுவது நல்லது. டிப்ளமோவிலும் கணிதம் அவனை விடாது.

உங்கள் தந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் கடிதத்தில் கேட்கப்படாத கேள்வி, ஆனால் வரிகளுக்கிடையே இருக்கிறது. அவருடைய வருத்தத்தைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டதையே வேலையாகச் செய்தவர், சொந்தப் பேரன் ஒரு வகுப்பைத் தவிர்த்துப் போவதைப் பார்த்துக் கலங்குவது இயல்பு. அவருடைய காலத்தில் படிப்பை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் விருப்பத்தால் நிறுத்தவில்லை. வறுமையோ தூரமோ சாதியோ நிறுத்தியது. அதனால் 'குறைவான படிப்பு' என்றாலே அவருக்கு 'மறுக்கப்பட்ட படிப்பு' என்றே கேட்கும். உங்கள் மகனுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை, அவன் தேர்ந்தெடுக்கிறான் என்ற வேறுபாட்டை அவனே தாத்தாவிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவனால் முடியவில்லை என்றால், அவனுடைய விருப்பம் இன்னும் உருவாகவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன்பு மூவருமாக ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குப் போய் வாருங்கள். தாத்தாவையும் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பறையைவிடப் பட்டறையைப் பாருங்கள். லேத் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்து நிற்கின்றனவா, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள் என்று கவனியுங்கள். சென்ற ஆண்டு மெக்கானிக்கல் முடித்தவர்களில் எத்தனை பேர் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொழிற்பழகுநர் பயிற்சிக்குப் போனார்கள், எத்தனை பேர் எல்லாப் பாடங்களையும் நிலுவையின்றி முடித்தார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். பேச்சை உங்கள் தந்தையே தொடங்கட்டும். ஒரு பள்ளியை எதைப் பார்த்து எடைபோட வேண்டும் என்பது உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.